அவள் லேப்டாப்பில் மட்டும் இருந்த படம்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்காரர் மீது எனக்குப் பொறாமை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தண்ணீர் லாரிக்காகக் கீழே நின்றிருந்தோம். அவர் லுங்கியில் இருந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். "லிங்க் அனுப்பியிருக்கேன் சார். டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக் பண்ணுங்க. அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு குடுத்துட்டே போங்க" என்றார். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தார். "வந்துடுச்சா? சந்தோஷம்." போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஓசூர் பார்ட்டி" என்றார். டீயை இன்னும் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் ஓசூரில் ஏதோ ஒரு பட்டறையின் கம்ப்யூட்டரில் அவருடைய புரோகிராம் குடியேறிவிட்டது.

அதே வேலைக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதாகப் போகும். லேப்டாப்பையும் பென்டிரைவையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பாடியிலோ திருமுடிவாக்கத்திலோ உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். என் புரோகிராம் பைதானில் எழுதியது. பைதான் இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் எழுத்து. அதனால் முதலில் பைதானை ஏற்ற வேண்டும். பிறகு புரோகிராமுக்குத் தேவையான துணைத் தொகுப்புகள் ஐந்தையும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பட்டறையில் இணையம் இருக்காது, என் போனிலிருந்து கொடுப்பேன். எல்லாம் முடிந்ததும், "சார், இதைத் தட்டினா முதல்ல ஒரு கறுப்பு ஜன்னல் வரும், அதை மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் யாராவது அதை மூடியிருப்பார்கள். போன் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். கம்பெனி ஒரகடத்துக்கு மாறியபோது கூடப் போகவில்லை. அதற்கு முன்பே வீடியோக்கள் பார்த்துப் பைதான் கற்றிருந்தேன். பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு லாட் சரக்கோடும் ஒரு தாள் போக வேண்டும். ஐந்து உருப்படிகளை அளந்து, துளையின் விட்டம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லும் தாள். பல இடங்களில் அளக்காமலே நிரப்புவார்கள். அந்தப் பொய்யைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் எழுதியதுதான் என் புரோகிராம். அளவை உள்ளிட்டால் வரம்பு மீறியதைச் சிவப்பாகக் காட்டும். எல்லா உருப்படிக்கும் ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் போட்டால் சந்தேகப்படும். வாங்கும் கம்பெனி கேட்கும் வடிவத்தில் அச்சிட்டுத் தரும். பதினான்கு பட்டறைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடிக்காரர் தூத்துக்குடிப் பக்கத்தவர், ஐ.டி. கம்பெனியில் வேலை. அளவெடுக்கும் வெர்னியரைக் கையில் பிடித்தவர் இல்லை. அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் ஒருநாள், "நீங்க என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மோட்டார் பழுது பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்க, நாங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம் கழித்து அதே வேலையைச் செய்யும் புரோகிராம் ஒன்று அவரிடம் இருந்தது.

திருடினார் என்று சொல்ல மாட்டேன். வரைபடங்கள் அவருடையதில் அழகாக இருந்தன. அளவு விஷயத்தில் என்னுடையது கூர்மையானது. ஆனால் என்னைத் தின்றது வேறு. அவர் அதை மூட்டை கட்டியிருந்த விதம். அவருடையதும் பைதான்தான். ஆனால் பைதான், துணைத் தொகுப்புகள், புரோகிராம் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்திருந்தார். சோற்றோடு அடுப்பையும் பானையையும் சேர்த்து அனுப்புகிற மாதிரி. வாங்குபவருக்குப் பைதான் என்ற பெயரே தெரிய வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்கு வாங்கியது இன்னொன்றில் ஓடாதபடி பூட்டு. இது நம்பகமானது அல்ல என்று விண்டோஸ் மிரட்டாமல் இருக்கச் சான்றிதழ்கூட வாங்கிவைத்திருந்தார். என்னுடைய பாடி வாடிக்கையாளர் ஒருமுறை சொன்னார்: "நீ வந்தா ஒரு டீ செலவு சார். அவரு வந்தா அதுவும் இல்ல. ஏன்னா அவரு வர்றதே இல்ல."

இதை என் மகள் இரண்டு வருடத்துக்கு முன்பே செய்து தருவதாகச் சொன்னாள். அப்போது அவள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, உன் புரோகிராம ஒரே ஃபைலா பேக் பண்ணித் தரட்டா? ரெண்டு நாள் வேலை" என்றாள்.

"அதெல்லாம் வேணாம். ஒரே ஃபைலா குடுத்தா பக்கத்துப் பட்டறைக்குக் காப்பி அடிச்சுக் குடுத்துடுவான்."

"அதுக்கு லைசென்ஸ் வெக்கலாம்பா."

"பைதான்ல எதைப் பூட்டினாலும் பிரிச்சிடலாம். உனக்குத் தெரியாது. நீ படிக்கிற வேலையப் பாரு."

நான் சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது. பிரிக்கத் தெரிந்தவர்கள் பிரித்துவிடுவார்கள்தான். ஆனால் பாடியிலும் திருமுடிவாக்கத்திலும் யார் உட்கார்ந்து பிரிக்கப்போகிறார்கள்? சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. புரோகிராம் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அதோடு நான் போக வேண்டியதில்லை. கறுப்பு ஜன்னலை யாரோ மூடிவிட்டால்தான் என் போன் அடிக்கும். அந்த அழைப்பு எனக்குத் தேவைப்பட்டது.

இறுதியாண்டில் அவள் மூன்றாம் மாடிக்குப் போகத் தொடங்கினாள். "காலேஜ் புராஜெக்ட். அங்கிள் கைடு பண்றார்" என்றாள். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள். ஏரிக்கரைச் சாலையில் விளக்கு இல்லை என்று பயம், பஸ் தாமதமானால் பயம், வேலை கிடைக்காதோ என்று பயம். ஆனால் மூன்றாம் மாடி விஷயத்தில் எனக்கு இருந்தது பயமில்லை. அவர் மனைவி நல்லவர், கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அந்தத் திறந்த கதவு வழியாக அவள் சிரிப்பு படிக்கட்டில் இறங்கி வரும். எங்கள் வீட்டில் அவள் என் எதிரில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. நான் இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது போல நின்று கேட்பேன். ஒருநாள் என் மனைவி கதவைத் திறந்து, "செருப்பக் கழட்டவே பத்து நிமிஷமா?" என்று கேட்டாள்.

போன மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை, பாடியிலிருந்து போன் வந்தது. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பட்டறை. முதலாளி லேத் ஆபரேட்டராக இருந்து மேலே வந்தவர். என் முதல் வாடிக்கையாளர். பிரிண்ட் வரவில்லை என்றார். போனேன். பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன். கிளம்பும்போது அவர் தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காத. உங்க ஏரியாக்காரரு புரோகிராம் ஒண்ணு ஒரு வாரம் ஓட்டிப் பாருன்னு அனுப்பிகீறாரு. புதுசா வந்த வர்ஷனாம். காலையிலேர்ந்து தட்டிகினு கீறேன், ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது. இன்னான்னு கொஞ்சம் பாரேன்."

"என்கிட்டயே கேக்குறீங்களே."

"உன்னாண்ட கேக்காம யாராண்ட கேக்குறது? நீதான் இங்க கீறே."

ஐக்கானைத் தட்டினேன். புரோகிராம் திறக்கவில்லை. நடுவில் ஒரு சாம்பல் பெட்டி வந்து, ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொன்னது. எந்தக் கோப்பு, எங்கே தேடியது என்று முழு வழியும் கீழே இருந்தது. அறிக்கையின் தலைப்பில் வரவேண்டிய ஒரு படம். பார்த்ததும் புரிந்துவிட்டது. மூட்டை கட்டியவர் படத்தை மூட்டைக்குள் வைக்காமல் விட்டுவிட்டார். தன் கம்ப்யூட்டரில் அது இருக்கும் இடத்தை மட்டும் புரோகிராமில் எழுதிவைத்திருக்கிறார். கட்டிய கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் ஓடும், ஏனென்றால் அங்கே படம் இருக்கிறது. வேறு எங்கே போனாலும் ஓடாது. முதல் வருடம் ஓர் எழுத்துரு விஷயத்தில் இதே தப்பைச் செய்து ஒரு வாரம் திண்டாடியவன் நான். மனதுக்குள், இவ்வளவு பெரிய ஆள் இந்தச் சின்னத் தப்பைச் செய்திருக்கிறாரே என்று குளிர்ந்தேன்.

பிறகுதான் வழியை முழுதாகப் படித்தேன். பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுக் கதவு எண் இருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு வாங்கிய லேப்டாப்பில் நான்தான் அந்த எண்ணைப் பெயராகக் கொடுத்தேன். அதற்கு அடுத்து ஒரு ஃபோல்டர், ஆங்கில எழுத்தில் 'தொடாதே'. பள்ளிக்கூட நாளில் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அவள் கோப்புகளைத் திறந்து பார்ப்பதும், ஒழுங்குபடுத்துவதாக இடம் மாற்றுவதும் என் வழக்கம். அதற்காகவே அவள் வைத்த பெயர் அது. இன்றுவரை முக்கியமான எதையும் அந்தப் பெயரில்தான் வைப்பாள்.

ஆக, கல்லூரி புராஜெக்ட் என்பது இது. என்னிடம் இரண்டு நாள் வேலை என்று சொன்னதை, இந்தப் புதிய வர்ஷனுக்காக அவருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள்.

கோபம் வந்தது என்று எழுதினால் பொய். அது கோபமாக இருந்தால் வீட்டுக்குப் போய்க் கத்தியிருப்பேன். அவளுடைய முதல் வேலை, முதல் தப்பு, இரண்டுமே என்னிடம் வந்திருக்க வேண்டியவை. இரண்டும் இன்னொருவர் பெயரில், என் வாடிக்கையாளர் மேசையில் இருந்தன.

"இன்னா சார், இன்னா சொல்லுது?" என்றார் முதலாளி.

அதே வழியில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதே பெயரில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டால் ஓடிவிடும். இரண்டு நிமிடம். நான் பெட்டியை மூடினேன்.

"இது இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒத்து வராது."

"புதுசு வாங்கணுமா?"

"அதெல்லாம் தெரியல. ஒத்து வராது."

"அப்ப உன்னுதே போதும்னு உடு" என்றார். என் எதிரிலேயே மூன்றாம் மாடிக்காரருக்குக் குரல் செய்தி அனுப்பினார்: "அண்ணாத்தே, உங்களுது நம்ம டப்பாவுக்கு ஒத்து வராதாம். உட்ருங்க."

வீட்டுக்கு வந்தேன். மாலை அவள் கல்லூரியிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. மூன்றாம் மாடிக்காரர் அலுவலக வேலையாகப் புனே போயிருந்தார். செய்தியை அவளுக்கு அனுப்பிவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது கண்டது, அவள் புரோகிராமை ஓட்டுவதும், அது ஓடுவதும், தலையில் கை வைத்துக்கொள்வதும்தான். "என்னாச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா. வெள்ளிக்கிழமை ரிவியூ. புராஜெக்ட் ஒரு நிஜ பட்டறையில ஓடுதுன்னு லெட்டர் வேணும். அங்க ஓட மாட்டேங்குது."

"ஏன்?"

"தெரியல. எனக்கு ஓடுது."

நான் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பாடி முதலாளி அன்று இரவே திருத்தணிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் சாவி அவரிடம். அவள் போனில் கேட்டதற்கு, "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சுமா, சார்தான் பாத்தாரு" என்று மட்டும் சொன்னாராம். எந்த சார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. புதன்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. பழைய விண்டோஸுக்கு ஏற்ற மாதிரி பைதானையே மாற்றிப் பார்த்தாள். வேறு முறையில் மூட்டை கட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவள் லேப்டாப்பில் அது ஓடியது. தப்பு இருந்த ஒரே வரியை மட்டும் அவள் தொடவே இல்லை. மதியம் தட்டில் தயிர்சாதம் காய்ந்து கிடந்தது. நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் நிமிர்ந்து, அங்கிளுக்குத் தெரியாதது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைப்பாள். அதற்குக்கூட ஆசைப்பட்டேன். ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

என் மனைவி சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே. என்னன்னு அவகிட்ட கேக்கலாம்ல" என்றாள். மகள் மூன்றாம் மாடியில் என்ன வேலை செய்கிறாள் என்று இவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

வியாழக்கிழமை காலை, பாடி முதலாளி ஊரிலிருந்து திரும்பியதும், அவள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பாடிக்குப் பஸ் ஏறினாள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினோரு மணிக்குத் திரும்பி வந்தாள். ஓடிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. வேறு ஏதோவும் தெரிந்தது. பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள்.

"ஒத்து வராதுன்னு சொன்ன சார் யாருன்னு கேட்டேன். பழைய புரோகிராம் சாரு, சாம்பல் கலர் ஸ்கூட்டர்ல வருவாருன்னு சொன்னாரு."

நான் செய்தித்தாளை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"அந்த எரர்ல ஃபைல் பாத் முழுசா வந்துதுப்பா. படிச்சியா?"

"படிச்சேன்."

"ஃபோல்டர் பேரு?"

"படிச்சேன்."

"ரெண்டு நாளா நான் இங்கதான் உக்காந்திருந்தேன். நீ அங்க உக்காந்திருந்த." செய்தித்தாள் கிடந்த நாற்காலியைக் காட்டினாள். "என் மேல கோவம்னா திட்டியிருக்கலாம்ல?"

"கோவம் இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

பதில் எனக்குத் தெரியும். ஐம்பது வயதாகியும் என் மகளிடம் அதைச் சொல்ல வரவில்லை. அவளே சொன்னாள். "பொறாமையா?"

தலையாட்டினேன்.

"அங்கிள் மேலயா, என் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஓர் அளவு வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது போல. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரிவியூ நன்றாக முடிந்ததை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாடி முதலாளி புதியதையே வைத்துக்கொண்டார். "பொண்ணு நேரா வந்து சரி பண்ணிக் குடுத்துச்சு சார், நீ தப்பா நெனச்சிக்காத" என்றார். என் பெண்தான் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லியிருக்கவில்லை. என் புரோகிராமை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நானே நீக்கினேன். மூன்றாம் மாடிக்காரர் புனேயிலிருந்து வந்ததும் படிக்கட்டில் பார்த்து, "சார், உங்க பொண்ணு அருமையா பண்ணிட்டா" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் மீது எனக்கு இருந்த பொறாமை அந்த நிமிடமும் குறையவில்லை. என் மகளுக்குள் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணை அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினோரு நாள் அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை. "அம்மா, அப்பாவ சாப்பிடச் சொல்லு" என்று என் எதிரிலேயே சொல்வாள். அந்த நாட்களில் இரண்டாம் மாடியில் நின்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டாலும் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அவளே என் அறை வாசலில் வந்து நின்றாள். இனி என் வேலையை உன்னிடம் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. நான் பயந்ததும் அதற்குத்தான்.

"அடுத்த தடவ எரர் வந்து உனக்கு அனுப்பினா உண்மையச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"உனக்கு நல்லது இல்லன்னாலும்?"

"சொல்லுவேன்மா."

"பாக்கலாம்" என்றாள். நம்பிய குரல் இல்லை அது. பார்க்கப்போகிற குரல்.

அன்று மாலையே என் போனில் ஒரு புதிய குழு வந்தது. மூன்று பேர். அவள், மூன்றாம் மாடிக்காரர், நான். எனக்கு மட்டும் தனியாக அனுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஏன் எதிர்பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று வாரம் அதில் ஒன்றும் வரவில்லை. போன திங்கட்கிழமை ஒரு படம் வந்தது. மாங்காட்டில் ஒரு பட்டறையின் வைரஸ் தடுப்பு மென்பொருள் அவள் கட்டிய கோப்பையே வைரஸ் என்று சந்தேகித்துப் பூட்டிவைத்துவிட்டது. கீழே, "யாராவது பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

அடையாறு போகிற பஸ்ஸில் இருந்தேன். கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். மேலே, மூன்றாம் மாடிக்காரரும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. என் விரல் அவசரத்தில் தவறான எழுத்துகளில் விழுந்தது. அழித்து அழித்து எழுதினேன். பூட்டியதை விடுவித்து, பாதுகாப்பில் விதிவிலக்குக் கொடுத்தால் போதும் என்பது என் யோசனை. பல பட்டறைகளில் நான் அப்படித்தான் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அனுப்புவதற்குள் அவருடையது வந்துவிட்டது. விதிவிலக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டாம், அது ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தீர்வு, சான்றிதழோடு மறுபடி கட்டி, அந்த வைரஸ் தடுப்பு நிறுவனத்துக்கே ஒரு பிரதி அனுப்பிப் பார்க்கச் சொல்லு என்று.

இரண்டு முறை படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன். கிடைக்கவில்லை. நான் எழுதியதை முழுதாக அழித்தேன். என்னைச் சுற்றி ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் குழுவைப் பார்த்துவிட்டாள் என்பதும், எதுவும் எழுதாமல் காத்திருக்கிறாள் என்பதும் திரையில் தெரிந்தது. யாருடைய பதிலுக்காக என்றும் எனக்குத் தெரியும்.

"அவர் சொல்றதுதான் சரி. நான் எப்பவும் பண்ற விதிவிலக்கு முறை தப்பு" என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரிப்பா" என்று வந்தது.